புகையிரத இலாகாவின் பி.கே.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. பத்திரிகைக் காரியாலயங்களில் அன்று கொரோனாவைத் தவிர வேறெந்தச் செய்திக்கும் இடமிருக்கவில்லை. அதே நாளில் கொல்கத்தாவில் பிரதீப் குமார் பானர்ஜி தமது 83ஆவது வயதில் காலமானார். நான் பார்த்த பக்கங்களில் அச்செய்தி சில வரிகளுக்குள் அடங்கிப்போயிற்று. அவரது சக வீரரும் 1962 அணியின் தலைவருமான சுனி கோஸ்வாமி அடுத்த மாதம் 30ஆம் திகதி மறைந்தபோதும் நிலைமை மாறியிருக்கவில்லை.

கல்முனை சந்தாங்கேணி மைதானத்தில் மாலையில் பந்து உதைக்கும் இளைஞர்களிடம் மெஸ்ஸியைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். பி.கே. பானர்ஜி யார் என்று கேட்டால் கையை விரிப்பார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பக்கத்து நாட்டு உதைபந்தாட்டத்துக்கு ஒரு வரலாறு இருந்ததென்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பி.கே. 1936 ஜூன் 23இல் வங்காளத்தின் ஜல்பைகுரியில் பிறந்து, ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தவர். பதினாறு வயது நிறையுமுன்பே சந்தோஷ் கிண்ணப் போட்டியில் பீகார் மாநிலத்துக்காக ஆடினார். இன்றைய வழக்கில் அவரை 'ஸ்ட்ரைக்கர்' என்று எழுதுகிறார்கள். அக்காலத்தில் முன்வரிசையில் ஐவர் நிற்பர். அதில் வலது ஓரம் இவருடையது. ஓரமாக ஓடி மற்றவருக்குப் பந்து கொடுப்பதோடு நிற்காமல், உள்ளே வெட்டித் தாமே கோல் அடிப்பார். பி.கே., சுனி, துளசிதாஸ் பலராம் ஆகிய மூவரின் கூட்டு போல் ஒன்று இந்தியாவுக்கு மீண்டும் வாய்க்கவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

அவர் தேசிய அணிக்குள் நுழைந்த கதையில் எமது நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1952 முதல் 1955 வரை இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் 'கொழும்புக் கிண்ணம்' எனப்பட்ட சுற்றுப்போட்டியில் மோதிவந்தன. முதலாவது கொழும்பில் நடந்தது. கடைசியானது 1955 டிசம்பரில் டாக்காவில். அந்த டாக்காப் போட்டியில்தான் பத்தொன்பது வயது பி.கே. இந்தியச் சீருடையை முதன்முதலாக அணிந்தார். இந்தியா, இலங்கையை 4-3 என்று மட்டுமே வெல்ல முடிந்த காலம் அது. இன்று அந்தக் கிண்ணத்தின் பெயரைக்கூட இங்கே நினைவு வைத்திருப்போர் அரிது.

மறு ஆண்டு மெல்பேர்ன் ஒலிம்பிக். அவுஸ்திரேலியாவை 4-2 என வென்று இந்தியா அரையிறுதிக்கு வந்து, நான்காம் இடம் பெற்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பி.கே. அணித் தலைவர். பிரான்ஸுடன் 1-1 என முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோல் அவருடையது. ஹங்கேரியிடம் 1-2, பெருவிடம் 1-3 எனத் தோல்வி. அத்துடன் இந்தியாவின் ஒலிம்பிக் உதைபந்தாட்டம் முற்றுப்பெற்றது. அதன்பின் ஒருமுறையும் தகுதி பெறவில்லை. பெருவுக்கு எதிரான அந்தக் கடைசி ஒலிம்பிக் கோலைத் தஞ்சாவூர்த் தமிழரான சைமன் சுந்தரராஜின் பெயரில் எழுதுவோர் உண்டு. பலராமின் பெயரில் எழுதும் பதிவுகளும் உண்டு. ஒரு நாட்டின் இறுதி ஒலிம்பிக் கோலுக்கு உரியவர் யாரென்பதில்கூட ஏடுகள் ஒத்துப்போகாத அளவுக்குத்தான் எமது பிராந்தியம் விளையாட்டு வரலாற்றைப் பேணியிருக்கிறது. சைமனும் பின்னர் பயிற்றுவிப்பாளரானார். 1973இல் கேரளா முதன்முதலாகச் சந்தோஷ் கிண்ணத்தை வென்றது அவரிடம் பயின்றுதான்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தைவானையும் இஸ்ரேலையும் இந்தோனேசியா அனுமதிக்காததை இந்தியப் பிரதிநிதி கண்டித்திருந்தார். அதனால் மைதானம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 எனத் தோல்வி. பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும், அரையிறுதியில் தென்வியட்நாமையும் வென்று, செப்டெம்பர் 4ஆம் திகதி இறுதிப் போட்டியில் மீண்டும் அதே தென்கொரியாவைச் சந்தித்தார்கள். பி.கே. முதல் கோலை அடித்தார். தலையில் தையலுடன் ஆடிய ஜர்னைல் சிங் இரண்டாவதை அடித்தார். 2-1; தங்கம். அன்று தங்களுக்காக ஆரவாரித்தவர்கள் பாகிஸ்தான் ஹொக்கி வீரர்கள் என்று அவ்வணியினர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். அவ்வணியை வழிநடத்திய ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம் தொழிலால் ஓர் ஆசிரியர். அடுத்த ஆண்டு ஜூனில் புற்றுநோய்க்கு அவர் பலியானார்.

இத்தனை புகழ் பெற்றவர் கழக மட்டத்தில் யாருக்காக ஆடினார் தெரியுமா? ஈஸ்ட் பெங்காலுக்கும் அல்ல, மோகன் பகானுக்கும் அல்ல. ஓராண்டு ஆரியன் கழகத்தில் ஆடியபின், 1955இல் கிழக்கு ரயில்வேயில் சேர்ந்தவர் 1967இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே நின்றார். குடும்பப் பொறுப்பு, நிரந்தரச் சம்பளம்; காரணங்கள் எமக்கு அந்நியமானவையல்ல. 1958இல் அந்த ரயில்வே அணி கல்கத்தா லீக் கிண்ணத்தைக் கைப்பற்றி மூன்று பெரும் கழகங்களையும் தலைகுனிய வைத்தது.

உத்தியோகம் விளையாட்டைக் கெடுக்கும் என்று எமது ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை ஏற்பதில்லை. உத்தியோகம் இல்லாதிருந்தால் பி.கே. ஆடியே இருக்கமாட்டார். ஆனால் உத்தியோகத்தர்களை மட்டும் நம்பிய நாடு எங்கே போய் நின்றது என்பது வேறு கேள்வி. 1969இல் பி.கே. ஜப்பானுக்குச் சென்று ஜேர்மனியரான டெட்மார் கிராமரிடம் பயிற்றுவிப்புக் கலையைக் கற்றார். 1960 முதல் ஜப்பானிய உதைபந்தாட்டத்தைச் செதுக்கியவர் அந்தக் கிராமரே. 1962இல் இந்தியாவிடம் 0-2 எனத் தோற்ற ஜப்பான், 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது. கிராமரின் பாடத்தை ஜப்பான் ஒரு முழு அமைப்பாக மாற்றியது. 1993இல் தொழில்முறை லீக்கையும் தொடங்கியது. இந்தியாவோ அதே பாடத்தைக் கற்ற தனி மனிதர்களை நம்பிக் காலத்தைக் கடத்தியது.

அந்தத் தனி மனிதர் சாதித்ததும் சிறிதல்ல. 1972 முதல் ஈஸ்ட் பெங்கால் அவர் கையில். 1975 செப்டெம்பர் 30இல் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியில் மோகன் பகானை 5-0 என்று நொறுக்கினார்கள். மறு ஆண்டே அவர் மோகன் பகானுக்கு மாறினார். 1977இல் ஈடன் கார்டன்ஸ் சேற்றில் பெலேயின் நியூயோர்க் கொஸ்மோஸை 2-2 என அந்த அணி மறித்தது. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் அவர் ஆற்றும் உரைகளுக்குக் கல்கத்தாப் பத்திரிகைகள் 'வோக்கல் டொனிக்' என்றே பெயர் வைத்துவிட்டன. வெறும் வாய்ச்சொல் என்று ஏளனம் செய்தவர்களும் இருந்தார்கள்.

அவர்களுக்கான பதில் 1997 ஜூலை 13இல் வந்தது. பெடரேஷன் கிண்ண அரையிறுதி. எதிரே அமல் தத்தா தமது 'வைர' வியூகத்தோடு மோகன் பகானை நிறுத்தியிருந்தார். சோல்ட் லேக் அரங்கில் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர். பாய்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடிக்க, பி.கே.யின் ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது.

1961இல் அர்ஜுனா விருது, 1990இல் பத்மஸ்ரீ, 2004இல் ஃபீஃபாவின் நூற்றாண்டு விருது என்று கௌரவங்கள் வந்தன. ஆனால் ரயில்வே அணியின் 1958 வெற்றியே அவர் தனிச்சொத்து என்பேன். மூன்று பெரும் கழகங்களுக்கு வெளியே இன்னோர் அணி கல்கத்தா லீக்கை வெல்ல 61 ஆண்டுகள் பிடித்தன. 2019இல் பியர்லெஸ் என்ற நிதி நிறுவனத்தின் அணி வென்றபோது, அதைக் காண பி.கே. உயிரோடிருந்தார்.