இடுப்பெலும்பும் ஒரு சென்டிமீட்டர் துளையும்

அடையாறு சர்தார் படேல் ரோட்டில் தண்ணீர் லாரி உரசி ஒரு ஆட்டோ கவிழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரைவருக்கு வெளியே தெரிவது சின்ன சிராய்ப்புதான். ஆனால் இடுப்பெலும்பு உடைந்திருந்தால் உள்ளுக்குள்ளேயே லிட்டர் கணக்கில் ரத்தம் போகும். பல பேர் இறப்பது இதனால்தான்.

இடுப்பெலும்பு ஒரு வளையம். பின்னால் முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் முக்கோண எலும்பு, இரு பக்கமும் இரண்டு பெரிய எலும்புகள். பெரும்பாலும் வளையல் மாதிரிதான், ஒரு இடத்தில் உடைந்தால் இன்னொரு இடத்திலும் விட்டுப்போகும். இதை 1847-லேயே பிரான்ஸின் மால்கேன் எழுதிவிட்டார்.

சரி, அப்போது என்ன வைத்தியம்? துணித் தொட்டிலில் இடுப்பைத் தொங்கவிடுவார்கள், காலில் எடை கட்டி இழுப்பார்கள். இரண்டு மூன்று மாதம் படுக்கை! படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு எல்லாம் கூடவே வரும். பிழைத்து எழுந்தாலும் வண்டி டியூவும் வீட்டு வாடகையும் காத்திருக்குமா?

1960-களில் பிரான்ஸில் ஜூதே, லெத்தூர்னெல் இருவரும் தொடையெலும்பு பொருந்தும் இடுப்புக் குழியின் முறிவுகளை வகைப்படுத்தி, திறந்து பொருத்தும் வழிகளை உருவாக்கினார்கள். எலும்பு நேரானது. ஆனால் நீளமான வெட்டு, ரத்த இழப்பு, சீழ் பிடிக்கும் பயம்.

துளை போட்டு ஸ்குரு ஏற்ற அப்போதே ஏன் யோசிக்கவில்லை? கையில் திறமை இல்லாமல் இல்லை, கண் இல்லை!

எக்ஸ்ரே 1895-ல் வந்துவிட்டது. நம்ம சென்னையிலேயே சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரில், அரசு பொது மருத்துவமனையில், 1934-ல் பர்னார்ட் கதிரியக்க நிலையம் திறந்தாயிற்று. ஆனால் ஃபிலிமைக் கழுவிப் பார்ப்பதற்குள் ஸ்குரு எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? 1950-களில் வந்த 'சி-ஆர்ம்' மெஷின்தான் எலும்பை உடனுக்குடன் திரையில் காட்டியது. அதை வைத்து 1990-களில் அமெரிக்காவின் சியாட்டிலில் சிப் ரவுட் என்ற டாக்டர் இந்த முறையைப் பரவலாக்கினார்.

முதலில் காலை இழுத்து எலும்பை நேராக்குவார்கள். ஒரு சென்டிமீட்டர் அளவு கீறலில் மெல்லிய கம்பியை விட்டு, பக்கவாட்டில், மேல் சரிவில், கீழ் சரிவில் என்று மூன்று கோணத்தில் பார்ப்பார்கள். அந்தக் கம்பி மேலேயே சுமார் 7 மி.மீ. தடிமனுள்ள ஸ்குரு ஏறும். சில மில்லிமீட்டர் தவறினாலும் காலுக்குப் போகும் நரம்பு காலி! எலும்பு நேராகவில்லை என்றால் பழையபடி திறக்கத்தான் வேண்டும். எல்லோருக்கும் துளை போதாது.

இத்தனையும் ஆள் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தால்தான். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-ல் வந்தது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்ற 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021-ல் வந்தது.

முதலுதவியில் செய்வதோ ரொம்பப் பழைய வேலை. தொடை சேரும் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி பெல்ட், அது இல்லையென்றால் ஒரு பெட்ஷீட்டை இறுக்கிக் கட்டுவது. விரிந்த வளையம் சுருங்கும், ரத்தம் போவது குறையும். சி-ஆர்முக்கு முன்னால் உயிரைப் பிடித்து வைப்பது அந்த பெட்ஷீட்தான்.