மாக்ஸ் நியூஹாஸ்

மாக்ஸ் நியூஹாஸ் (1939–2009) அமெரிக்கத் தாளக்கருவிக் கலைஞர். இசை மரபின் வரம்புகளை விட்டு விலகி ஒலியையே புதிதாக ஆராய்ந்த ‘அவான் கார்ட்’ எனப்படும் பரிசோதனை இசையைத் தனியொருவராக மேடையேற்றிப் புகழ்பெற்றவர். டெக்சாஸ் மாநிலத்துப் போமான்ட் நகரில் பிறந்து, நியூயார்க்கின் மன்ஹாட்டன் இசைப் பள்ளியில் பால் பிரைஸிடம் பயின்றார்.

1962–64 ஆண்டுகளில் பியேர் பூலே, கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் ஆகிய இசையமைப்பாளர்களுடன் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்த நியூஹாஸ், 1965–66இல் ஏறத்தாழ 1,000 கிலோ எடையுள்ள கருவிகளுடன் ஐரோப்பாவில் தனிக் கச்சேரிகள் நிகழ்த்தினார். இத்தனை கருவிகள் தேவைப்பட்டதற்குக் காரணம் அவர் வாசித்த படைப்புகளின் இயல்பே. ஸ்டாக்ஹவுசனின் ‘சிக்லுஸ்’ (1959) படைப்பில் கலைஞர், மரிம்பா, வைப்ரஃபோன், டாம்-டாம், கோங் முதலிய கருவிகள் வட்டமாகச் சூழ நடுவில் நின்று, வாசித்தபடியே ஒரு முழுச்சுற்றுத் திரும்புகிறார். சுருள்கம்பியால் கட்டப்பட்ட இசைக்குறிப்பேட்டை எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம், தலைகீழாகத் திருப்பியும் வாசிக்கலாம், தொடங்கிய பக்கத்தின் முதல் அடிக்கு மீண்டும் வந்ததும் படைப்பு நிறைவுறும். இதற்கு நேர்மாறாக, மார்ட்டன் ஃபெல்ட்மனின் ‘தி கிங் ஆஃப் டென்மார்க்’ (1964) குச்சிகளை அறவே விலக்கி, விரல்களாலும் கைகளாலும் மட்டுமே மிக மென்மையாக வாசிக்கப்பட வேண்டியதாகும்.

ஜான் கேஜின் ‘ஃபாண்டானா மிக்ஸ்’ (1958) குறிப்புகளைக் கொண்டு நியூஹாஸ் உருவாக்கிய ‘ஃபாண்டானா மிக்ஸ்–ஃபீட்’ நிகழ்ச்சியிலோ கருவிகளை அடிக்கவே தேவையில்லை. ஒலிபெருக்கிகளின் முன் வைக்கப்பட்ட தாளக்கருவிகளின்மேல், அதிர்வை நேரடியாக உள்வாங்கும் மைக்குகளை அவர் வைத்தார். ஒலிபெருக்கியின் ஒலி கருவியை அதிரச் செய்ய, அவ்வதிர்வு மைக் வழியாக மீண்டும் ஒலிபெருக்கியையே அடைந்து ஓயாமல் பெருகும் ஒலிப் பின்னூட்டம் உருவாயிற்று. மேடைகளில் எப்படியேனும் தவிர்க்கப்படும் அந்தக் ‘கீச்’ ஒலியே இங்கு இசைக்கு மூலப்பொருளாயிற்று. மின்கருவியில் ஒலியளவைக் கூட்டிக் குறைப்பதே கலைஞரின் வேலையாக அமைந்தது.

இப்படைப்புகளுள் பலவற்றை உள்ளடக்கிய இசைத்தட்டைக் கொலம்பியா நிறுவனம் 1968இல் வெளியிட்டது. அதே ஆண்டில் கச்சேரி வாழ்வைக் கைவிட்ட அவர், ஒலியைக் கேட்போர் கடந்துசெல்லும் இடத்திலேயே நிலையாக அமைக்கும் ஒலி நிறுவல் கலைக்கு முன்னோடியானார். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் நடைபாதைக் கம்பித் தட்டிகளுக்கு அடியிலிருந்து ஒலிக்கும் அவரது நிறுவல் 1977 முதல் 1992 வரை இயங்கி, 2002இல் மீண்டும் செயற்படுத்தப்பட்டது. அவர் 2009இல் இத்தாலியின் மரத்தேயாவில் காலமானார்.