சுண்ணாம்புக்காளவாயும் மதுக்கரையும்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுச் சாலையில் புறப்பட்டு, நொய்யலின் மேலுள்ள ஆற்றுப்பாலத்தைக் கடந்து செல்பவர், குனியமுத்தூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்காளவாய் என்னும் ஓரிடத்தைத் தாண்டிப் போகிறார். கல்லைச் சுட்டு நீற்றிய ஒரு பழந்தொழில், பேருந்து நடத்துனர் கூவும் நிறுத்தத்தின் பெயராக அங்கே எஞ்சி நிற்கிறது. அதே சாலையில் இன்னும் சில மைல் சென்றால் மதுக்கரை வருகிறது. 1934-இல் சிமெண்டு ஆலை எழுந்த ஊர் அது. கொங்கு நாட்டில் வீடு கட்டும் தொழில் கடந்த நூறு ஆண்டுகளில் செய்த நெடும் பிரயாணம் முழுவதும் இந்தச் சில மைல்களுக்குள் அடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சிமெண்டு வருமுன் இந்தப் பிரதேசத்தில் ஒரு குடியானவன் வீடு கட்ட நினைத்தால், அவனுக்கு வேண்டிய சாமான்களில் பெரும்பாலானவை ஒரு கட்டை வண்டி காலையில் போய் மாலைக்குள் திரும்பக்கூடிய தூரத்துக்குள்ளேயே கிடைத்தன. தோட்டத்துக் குடிசையான சாளைக்கு மண்சுவரும் பனையோலையும் கரும்புத் தோகையும் போதும். சற்று வசதி படைத்தவர் ஆசாரமும் திண்ணையும் நடுவே வானம் பார்த்த தொட்டியுமாகத் தொட்டிக்கட்டு வீடு எழுப்பினால், செம்மண்ணைக் குழைத்து அறுத்த செங்கல்லும், குயவர் கையால் வனைந்த நாட்டு ஓடும், பக்கத்துப் பாறையில் உடைத்த கருங்கல்லும், தலைமுறை கண்ட வேம்போ பூவரசோ தந்த நிலையும் விட்டமும் சேர்ந்து அந்த வீட்டை உருவாக்கின. கட்டி முடிக்க ஓராண்டு ஆனாலும், வெள்ளாமை வேலை குறுக்கிட்டு அது இரண்டாண்டாக நீண்டாலும், ஒருவரும் அதனைத் தாமதமென்று சொல்லவில்லை.

இவை அனைத்தையும் ஒன்றாகப் பிணைத்த வஸ்து சுண்ணாம்பு. கடற்கரை ஊர்களில் கிளிஞ்சலைச் சுட்டார்கள். கடலில்லாத கொங்கு நாட்டுக்கோ பூமியே சுக்கான்கல்லைக் கொடுத்தது. ஏர் ஓட்டும்போது கொழுமுனையில் இடறும் இந்தக் கல் உழவனுக்குத் தொல்லை. ஆனால் அதையே பொறுக்கி, காளவாயில் விறகோடு அடுக்கடுக்காக இட்டு ஏறக்குறைய 900 டிகிரி வெப்பத்தில் சுட்டெடுத்து, நீர் தெளித்ததும் சீறிப் பொரிந்து மாவாக உதிரும் வரை காத்திருந்தால், கொத்தனாருக்கு அது மூலதனம். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு கலந்து, வட்டமாக வெட்டிய பள்ளத்தில் கொட்டி, மாடுகள் கல்லுருளையை இழுத்துச் சுற்றச் சுற்ற அரைத்து, கடுக்காய் ஊறிய நீரையும் கருப்பட்டிக் கரைசலையும் பக்குவம் பார்த்துச் சேர்த்து, பின்னும் பல நாள் புளிக்கவிட்ட பிறகே அதைச் சுவருக்குக் கொண்டு போவார்கள். அந்தப் பக்குவம் எந்த ஏட்டிலும் இருந்ததில்லை. விரலிடுக்கில் கலவையைத் தேய்த்துப் பார்க்கும் ஒரு முதியவரின் கையில் இருந்தது.

மச்சு வீடாயின் வேலை இன்னும் கடினமானது. மரக்கட்டைகளை வரிசையாக இட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துவாட்டில் நிறுத்தி, அதன்மீது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, வரிசையாக அமர்ந்த பெண்கள் சிறு மரக்கட்டைகளால் நாட்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். தட்டுகிற கட்டை துள்ளித் திரும்பும்போதுதான் தளம் முற்றிற்று என்று மேஸ்திரி ஒப்புக்கொள்வார். கட்டைக்குத்துத் தளம் என்று வழங்கிய இது, ஓட்டையும் கூரையையும் விடப் பன்மடங்கு செலவு பிடித்ததால் ஊருக்கு இரண்டொரு வீடுகளுக்கே வாய்த்தது.

இந்த உலகில் முதலில் நுழைந்த ஆலைப் பொருள் சிமெண்டு அன்று, சீமை ஓடு. 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியப் பாதிரிமார் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையைப் பின்பற்றி மலையாளக் கரையெங்கும் ஆலைகள் தோன்றின. 1862-லேயே போத்தனூர் வழியாக மலபாருக்கு ரயில் ஓடத் தொடங்கியிருந்தபடியால், பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றும் மழையும் வந்ததைப் போலவே ஓடும் எளிதாக வந்து சேர்ந்தது. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் அந்த ஓடு நாட்டு ஓட்டைப் போல ஆண்டுதோறும் மாற்றிப் போட வேண்டியதில்லை. குயவரின் ஒரு பகுதி ஜீவனம் அன்றே ஆட்டங்கண்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரைப் பலமுறை வாட்டிய பிளேக் நோய், வீட்டைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது. பிளேக் மாரியம்மன் என்ற பெயரோடு இன்றும் பூஜை கொள்ளும் கோயில்கள் அந்த நாட்களுக்குச் சாட்சி. மண்சுவரிலும் கூரையிலும் எலி வளை தோண்டியது. எலியோடு சாவும் குடியேறியது. நெருக்கமான பேட்டைகளை விட்டு அகன்று, காற்றும் வெளிச்சமும் புகும் வீடுகளைக் கட்ட வேண்டுமென்ற ஆவல் வலுத்தது. இரத்தினசபாபதி முதலியாரின் பெயர் தாங்கிய ஆர்.எஸ்.புரம் அந்தக் காலத்து விஸ்தரிப்பின் விளைவு. எலி பிராண்ட முடியாத தரை வேண்டும் என்று தவித்த ஒரு தலைமுறைக்கு அடுத்துச் சிமெண்டு வந்தது என்பதை மறந்துவிட்டு அதன் வெற்றியை விளக்க இயலாது.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 1824-இல் போர்ட்லாண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் 1904-இல் சென்னையில் கிளிஞ்சலைக் கொண்டு செய்து பார்த்த முயற்சி நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில்தான் உற்பத்தி நிலைபெற்றது. அதற்கு இருபதாண்டு கழித்து மதுக்கரைக்கு அந்தத் தொழில் வந்ததற்குக் காரணங்கள் கண்கூடானவை: மதுக்கரை, வாளையாறு வட்டாரத்தில் சுண்ணக்கல் பாறையாகக் கிடந்தது, ரயில் பக்கத்திலேயே ஓடியது, 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்தின் சக்தி கோவைக்கு இறங்கிவந்து, பஞ்சாலைகள் அடுத்தடுத்து எழுந்துகொண்டிருந்தன. ஆலை கட்டுவோருக்குக் கடுக்காய் ஊறும் வரை காத்திருக்க நேரம் ஏது? 1936-இல் பத்துக் கம்பெனிகள் இணைந்து ஏ.சி.சி. என்னும் பெருஸ்தாபனம் உருவாகி, மதுக்கரை ஆலையும் அதன் பெயரால் அறியப்படலாயிற்று.

காளவாய்க்காரர் சுட்டதும் கல். ஆலை சுட்டதும் கல். ஆனால் சுண்ணக்கல்லோடு களிமண்ணையும் சேர்த்து, சுழலும் சூளையில் 1,450 டிகிரி வரை காய்ச்சி, உருண்டு வரும் கட்டிகளைச் சிறிது ஜிப்சத்தோடு அரைத்தால் கிடைக்கும் சாம்பல் நிறத் தூளின் குணமே வேறு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு ஆண்டுக்கணக்கில் மீண்டும் கல்லாகிறது. சிமெண்டோ நீர் பட்டதும் இறுகப் புறப்பட்டுவிடுகிறது. கலவை போட்ட அரைமணி, ஒரு மணிக்குள் அதைச் சுவரில் சேர்த்தாக வேண்டும். புளிக்க வைக்கும் தொழிலைக் கற்ற கொத்தனார், இனி ஓட்டமும் நடையுமாக வேலை செய்யப் பழக வேண்டியதாயிற்று. பக்குவம் சொல்லும் உரிமை அவர் கையைவிட்டு மூட்டைக்குப் போயிற்று. நாலுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று என்று சட்டியால் அளந்து போட எவருக்கும் தெரியும்.

இந்த மாற்றத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏழைக்கும் தண்ணீர் ஒழுகாத கூரை கிடைத்தது; கரையான் தின்னாத சுவர் கிடைத்தது. காவி நிறம் கலந்து மெழுகிய சிமெண்டுத் தரை, அறுபது ஆண்டு காலடி பட்டும் கண்ணாடியாய் மின்னிக்கொண்டு இன்றும் கொங்குக் கிராமங்களில் கிடக்கிறது. வைகாசி வெயிலில் அதன்மேல் வெறும் உடம்போடு படுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆயினும் வெகுகாலம் சிமெண்டு எளிதில் எட்டும் சரக்காக இல்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் வந்த கட்டுப்பாடு சுதந்திரத்துக்குப் பின்னும் தொடர்ந்தது. மதுக்கரை ஆலையின் சங்கொலி காதில் விழும் தூரத்தில் குடியிருப்பவனும் பத்து மூட்டைக்கு மனு எழுதி, பர்மிட்டுக்காகக் காத்துக் கிடந்தான். 1982-இல் ஓரளவும் 1989-இல் முழுமையாகவும் அக்கட்டுப்பாடு நீங்கிய பிறகே, மளிகைக் கடைக்குப் பக்கத்திலேயே சிமெண்டுக் கடையும் திறந்தது. சங்ககிரியில் 1960-களிலேயே தோன்றியிருந்த ஆலையும் இந்தப் பெருக்கத்துக்குத் தோள் கொடுத்தது.

கான்கிரீட் கூரை வந்ததும் அதற்கென ஒரு சம்பிரதாயமும் பிறந்துவிட்டது. தொழிலாளர் ‘மில்லர்’ என்று அழைக்கும் கலவை யந்திரத்துக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, தேங்காய் உடைத்து, அன்று உழைத்த அத்தனை பேருக்கும் வீட்டுக்காரர் சோறு போடுகிறார். மறுநாள் தளத்தின் மேல் பாத்தி கட்டி நீர் தேக்குகிறார்கள். நிலத்தில் கற்ற பாடத்தைக் கொங்குக் குடியானவர் மாடிமேல் ஏற்றிவிட்ட இந்தக் காட்சியைக் காணுந்தோறும் என் மனம் நிறைகிறது.

செங்கல்லின் கதை அவ்வளவு இனிமையானதன்று. கோயம்புத்தூரை ஒட்டிய தடாகம் பள்ளத்தாக்கின் செம்மண்ணை நம்பிப் பெருகிய சூளைகள், நகரத்தின் பசிக்கு ஈடுகொடுக்க முயன்று, பனை உயரத்துக்குப் பள்ளம் தோண்டி, யானைகளின் வழியையும் குலைத்து, முடிவில் 2021-இல் நூற்றுக்கு மேற்பட்டவை உரிமமில்லையென்று மூடப்பட்டன. செங்கல்லின் இடத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பலால் வார்த்த கல்லும், உள்ளே கூடுள்ள ஹாலோ பிளாக்கும், ஆற்று மணலுக்கு மாற்றாகக் கருங்கல்லைப் பொடித்த எம்-சாண்டும் லாரிகளில் வருகின்றன. பொருள்கள் இவ்வளவு மாறியும் கொத்தனாரின் பை மாறவில்லை: கரணை, மணியாசுக்கட்டை, தூக்குக்குண்டு, மூலைமட்டம், ரசமட்டம், ஒரு சுருள் நூல். புதிதாகச் சேர்ந்தது மட்டம் பார்க்க நீர் நிரப்பிய, உள்ளே தெரியும் ஒரு குழாய்தான்.

நாம் செய்த பிழை சிமெண்டை வரவேற்றதில் இல்லை. சுண்ணாம்பைத் தெரிந்தவரை ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்கு அனுப்பியதில் இருக்கிறது. மண்ணும் சுண்ணாம்புமான பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் இயல்புடையது; அதன்மேல் சிமெண்டைப் பூசி மூடியதால், ஈரம் உள்ளே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, பூச்சு அப்பளமாய்ப் பெயர்ந்து, நூறு ஆண்டு நின்ற எத்தனையோ தொட்டிக்கட்டு வீடுகள் பத்தாண்டில் சீரழிந்தன. இப்போது அவற்றைச் செப்பனிட விரும்புவோர் மறுபடியும் சுண்ணாம்பு தெரிந்த கைகளைத் தேடி அலைகிறார்கள். பீப்பாயில் கடுக்காய் ஊறுகிறது. வேலையாட்களின் கூலிக் கணக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. அழைத்துவரப்பட்ட முதியவர் கலவையை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும் என்கிறார்.