மாசெனப்பட்ட மருந்து: குளுக்ககான் அறியப்பட்ட வரலாறு

மருத்துவ வரலாற்றில் இன்சுலின் பெற்ற புகழ் பெரிது. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில், நீரிழிவால் நலிந்து கிடந்த லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அம்மருந்து ஊசி வழியே செலுத்தப்பட்டது. மறு ஆண்டே பான்டிங், மக்லியோட் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே கணையத்தில் சுரந்து, இன்சுலினுக்கு நேர்மாறான பணியைச் செய்யும் மற்றோர் இயக்குநீரும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் ஆய்வாளர் கண்ணில் பட்டது. ஆயினும் அது உண்மையான இயக்குநீர் என்று ஏற்கப்படுவதற்குக் கால் நூற்றாண்டும், அதன் முழுப்பொருள் துலங்குவதற்கு அரை நூற்றாண்டும் தேவைப்பட்டன. குளுக்ககான் என்பது அதன் பெயர்.

இவ்வரலாற்றின் தொடக்கம் ஒரு மாணவரின் ஆய்வேட்டில் உள்ளது. 1869 ஆம் ஆண்டு பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் மருத்துவ மாணவர், கணையத் திசுவுக்குள் சிறு தீவுகளைப் போலச் சிதறிக் கிடந்த உயிரணுத் தொகுதிகளை நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். அவற்றின் பணி யாதென அவர் அறிந்திருக்கவில்லை. 1893இல் பிரெஞ்சு அறிஞர் லகேஸ் அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயரிட்டார். 1907இல் அமெரிக்கரான லேன், அத்திட்டுகளுக்குள் இருவகை உயிரணுக்கள் உள்ளன என்பதைச் சாயமேற்றும் முறையால் வேறுபடுத்திக் காட்டினார். அவையே இன்று ஆல்ஃபா, பீட்டா எனப்படுகின்றன. உறைவிடங்கள் இரண்டு எனத் தெரிந்துவிட்டது. உறைபவை எவை என்பதுதான் தெரியவில்லை.

இதற்கிடையே, 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றிப் பார்த்தனர். நாய்க்குக் கடும் நீரிழிவு உண்டாயிற்று. கணையத்தில் சர்க்கரையைக் குறைக்கும் ஒரு பொருள் இருக்கிறது என்னும் முடிவு இதிலிருந்து பிறந்தது. அதனைத் தேடிப் பலரும் கணையத்தைப் பிழிந்து சாறெடுத்தனர். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜான் மர்லினும் சார்லஸ் கிம்பலும் செய்த முயற்சியும் அத்தகையதே. அவர்களுடைய சாற்றை ஆய்வக விலங்குகளுக்குச் செலுத்தியபோது, குருதிச் சர்க்கரை குறைவதற்கு முன்பு சிறிது நேரம் உயர்ந்தது. எதிர்பார்த்ததற்கு முற்றிலும் மாறான இவ்விளைவை அவர்கள் பிழையென ஒதுக்கிவிடவில்லை. சாற்றில் வேறொரு பொருளும் கலந்திருக்கிறது என்று கருதி, அப்பகுதியைப் பிரித்தெடுத்தனர். சர்க்கரையை இயக்கி வெளிக்கொணர்வது என்னும் கருத்தமையக் குளுக்ககான் என்று 1923இல் அதற்குப் பெயரும் சூட்டினர்.

பெயர் பிறந்தது, ஆனால் பெயருக்குரிய பொருளை நாடுவார் மிகச் சிலரே. இன்சுலினால் உயிர்கள் மீண்டுகொண்டிருந்த காலம் அது. மருந்துக் கூடங்களின் கவலையெல்லாம் இன்சுலினைத் தூய்மையாக்குவதில் இருந்தது. தூய்மைக்கு இடையூறாக நின்ற எதுவும் மாசாகவே எண்ணப்பட்டது. ஜெர்மனியில் மாக்ஸ் பியூர்கர் போன்ற ஒரு சிலரே அதனைத் தொடர்ந்து ஆராய்ந்தனர்.

மாசின் மதிப்பு 1940களின் இறுதியில்தான் மாறத் தொடங்கியது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கோரி தம்பதியரின் ஆய்வுக்கூடத்தில், கல்லீரல் துண்டுகளின்மீது இன்சுலினைச் செலுத்தியபோது, அத்துண்டுகளில் சேமிக்கப்பட்டிருந்த கிளைக்கோஜன் சிதைந்தது. சேமிப்பைப் பெருக்க வேண்டிய இன்சுலின் அதனைக் கரைப்பானேன்? விடை மருந்தில் கலந்திருந்த பொருளில் இருந்தது. ஏர்ல் சதர்லாண்டும் பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்தியன் டி டூவும் இணைந்து 1948இல் அதன் பிறப்பிடத்தைத் தேடினர். பீட்டா உயிரணுக்களை மட்டும் அழிக்கவல்ல அல்லாக்ஸான் என்னும் வேதிப்பொருளைச் செலுத்திய பின்னரும், விலங்குகளின் கணையத்தில் இச்சர்க்கரை உயர்த்தி எஞ்சியிருந்தது. எனவே அது ஆல்ஃபா உயிரணுக்களில் பிறப்பதாதல் வேண்டும் என்று அவர்கள் உய்த்துணர்ந்தனர். லேன் வேறுபடுத்திக் காட்டிய இரண்டாவது உறைவிடத்துக்கு இவ்வாறு உரியவர் கிடைத்தார்.

1953இல் எலி லில்லி நிறுவனத்தின் ஆய்வாளர்களான ஸ்டாப், சின், பெரன்ஸ் ஆகியோர் குளுக்ககானைத் தூய படிகமாகப் பெற்றனர். இன்சுலினைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய பகுதியே அதற்கு மூலப்பொருளாயிற்று என்பது இவ்வரலாற்றின் இனிய முரண். 29 அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது என்பதும், அவற்றின் வரிசை இன்னது என்பதும் 1957இல் அறியப்பட்டன.

இதன் பணி யாது? மனிதன் உண்ணும் நேரம் சிறிது. உண்ணாதிருக்கும் நேரமோ நெடிது. மூளையோ குளுக்கோஸை இடையறாது வேண்டுவது. உண்டபோது மிகுந்ததைக் கல்லீரலில் கிளைக்கோஜனாகச் சேமிக்க ஏவுவது இன்சுலின். சர்க்கரை தாழும்போது அக்களஞ்சியத்தைத் திறக்க ஏவுவது குளுக்ககான். களஞ்சியம் வற்றும் வேளையில், அமினோ அமிலம் முதலியவற்றிலிருந்து புதிதாகக் குளுக்கோஸை ஆக்குமாறும் அது கல்லீரலைத் தூண்டுகிறது. ஆனால் குளுக்ககான் கல்லீரல் உயிரணுவுக்குள் நுழைவதில்லை. வாயிலில் நின்றே செய்தி சொல்கிறது. அச்செய்தியை உள்ளே எடுத்துச் செல்லும் தூதுப்பொருளைச் சதர்லாண்டும் ராலும் 1950களின் பிற்பகுதியில் கண்டனர். சுழல் ஏஎம்பி எனப்படும் அது, பின்னர் வேறு பல இயக்குநீர்களுக்கும் பொதுத் தூதன் எனத் தெரியவந்தது. சதர்லாண்டுக்கு 1971இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த ஆய்வு இதுவே. ஒரு காலத்து மாசு, உடலில் செய்திகள் செல்லும் வழியையே அறிவியலுக்குக் காட்டிற்று.

குருதியில் மிக நுண்ணிய அளவில் உலவும் குளுக்ககானை அளந்தறியும் வழியை 1959இல் வகுத்தவர் டெக்சாஸ் மாநிலத்து டல்லஸ் நகரின் ரோஜர் அங்கர். பட்டினியில் அது உயர்வதை அவரும் அவருடைய குழுவினரும் காட்டினர். நீரிழிவாளரிடமோ, சர்க்கரை மிகுந்திருக்கும்போதும் அது அடங்குவதில்லை. நீரிழிவு என்பது இன்சுலின் குறைவு மட்டுமன்று, குளுக்ககான் மிகுதியும் சேர்ந்ததே என்று 1975இல் அங்கரும் ஓர்ச்சியும் வாதிட்டனர். அக்கருத்து நெடுங்காலம் விவாதத்துக்கு உள்ளாயிற்று. குளுக்ககானின் செய்தியை ஏற்கும் வாயில் இல்லாத எலிகளில் பீட்டா உயிரணுக்களை அழித்தும் நீரிழிவு தோன்றவில்லை என்று 2011இல் அங்கரின் ஆய்வுக்கூடம் வெளியிட்ட முடிவு அவ்விவாதத்துக்குப் புத்துயிர் அளித்தது. மனித உடலுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது இன்றும் ஆராயப்படுகிறது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் குளுக்ககானுக்கு ஒரு வாழ்வு உண்டு. இன்சுலின் சற்று மிகுந்துவிட்டால் சர்க்கரை அளவுகடந்து தாழ்கிறது, நோயாளி நினைவிழக்கிறார். விழுங்க இயலாத நிலையில் அவர் வாயில் சர்க்கரையையோ பழச்சாற்றையோ இடுவது ஆபத்து. அந்நிலையில் மருத்துவரல்லாத ஒருவரும் செலுத்தக்கூடிய மருந்து குளுக்ககான். பல ஆண்டுகள் பொடியை நீரில் கலந்து ஊசியாகவே அது தரப்பட்டது. 2019இல் மூக்கின் வழியே செலுத்தும் பொடிக்கு அமெரிக்கா இசைவளித்தது. அதற்கும் ஓர் எல்லை உண்டு: நெடும்பட்டினியாலோ மதுவாலோ கல்லீரலின் களஞ்சியம் வற்றியிருந்தால் அதன் பயன் குறைந்துவிடும். திறப்பதற்குக் களஞ்சியத்தில் ஏதேனும் இருத்தல் வேண்டுமன்றோ!

சொல்லை ஆள்வோர்க்கு இவ்வரலாற்றில் எண்ணிப் பார்க்க ஒன்றுண்டு. மர்லினும் கிம்பலும் தாம் கண்டதன் பிறப்பிடத்தையும் அறியார்; வடிவத்தையும் அறியார். எனினும் அதனை மாசு என்று கூறி நிறுத்தாமல், அது செய்யும் செயலை நோக்கி அதற்கொரு பெயரிட்டனர். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆய்வாளர் சிலர் வேறு நீண்ட பெயர்களை வழங்கியபோதும், நின்றது 1923இன் பெயரே. ஆலையில் கழிவாய் ஒதுங்கிய அப்பொருள், இன்சுலின் ஏற்கும் பிள்ளைகள் வாழும் எத்தனையோ வீடுகளில் இரவுக் காவலாய் அப்பெயருடனேயே இருக்கிறது.