முத்திரையிட்ட உறை

1890-ஆம் ஆண்டில் ஜெர்மன் மொழி உடலியல் ஏடு ஒன்றில் ஒரு வழக்கு மூண்டது. விலங்கின் மூளையில் மின்னோட்டம் உண்டு, அது விலங்கு காண்பதற்கேற்ப மாறவும் செய்கிறது. இதனை முதலிற் கண்டவர் யார் என்பதே வழக்கு.

தொடங்கிவைத்தவர் போலந்து இளைஞர் ஆடால்ஃப் பெக். முயல், நாய் ஆகியவற்றின் மூளையில் மின்னோட்டம் ஓயாது அலைவதையும், கண்ணில் ஒளி பட்டதும் அவ்வலைவு அடங்குவதையும் அவர் எழுதியிருந்தார். உடனே வியன்னா பேராசிரியர் ஃபிளெய்ஷல் உரிமை கோரினார். 1883-இலேயே தாம் கண்டதை எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, அந்நகரின் அறிவியற் கழகத்தில் ஒப்படைத்திருப்பதாகக் கூறினார். உறை பிரிக்கப்பட்டது, அவர் சொன்னது மெய்தான். ஆனால் ஏழாண்டுக் காலம் பூட்டிவைத்த அறிவால் எவருக்கு என்ன பயன் என்று நாம் கேட்காமலிருக்க இயலவில்லை.

1891-இல் லிவர்பூலிலிருந்து வந்த ஒரு கடிதம் இருவர் உரிமையையும் தள்ளிவிட்டது. எழுதியவர் ரிச்சர்ட் கேட்டன் என்னும் மருத்துவர். 1875-இலேயே எடின்பரோவில் கூடிய பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தில் தம் சோதனைகளை அவர் விளக்கியிருந்தார். சங்கத்தின் ஏட்டிலும் சிறு குறிப்பு வெளிவந்திருந்தது.

அவர் செய்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மின்விசையைப் பெருக்கிக் காட்டும் கருவி அந்நாளில் இல்லை. கேட்டன் முயல், குரங்கு ஆகியவற்றின் மண்டையோட்டைத் திறந்து, மூளையின் மேற்பரப்பில் மின்முனைகளைப் பொருத்தி, கால்வனோமீட்டருடன் இணைத்தார். கருவியிலிருந்த சிறு கண்ணாடி இம்மியளவு திரும்பினாலும், அதிற் பட்டு மீளும் ஒளிப்புள்ளி அளவுகோலில் நகர்ந்து காட்டும். தலையைத் திருப்புவதற்கும் மெல்லுவதற்கும் உரிய இடங்களை ஃபெரியர் என்பார் முன்னரே கண்டறிந்திருந்தார். அவரோ மூளைக்கு மின்சாரத்தைச் செலுத்தி, உறுப்புகள் அசைவதைக் கண்டவர். கேட்டன் அம்முறையைத் தலைகீழாக்கினார். தாம் எதையும் செலுத்தாமல் விலங்கின் செயலுக்காகக் காத்திருந்தார். அது தலையைத் திருப்பியபோதும், மென்றபோதும் அந்தந்த இடத்து மின்னோட்டம் மாறியது. செயலுக்கும் மூளையின் மின்னோட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஒளிப்புள்ளியின் நகர்விலே அவர் கண்டார்.

இத்துணைப் பெரிய செய்தி பதினைந்தாண்டு எவ்வாறு மறைந்து கிடந்தது? மருத்துவர்களுக்கான ஏட்டை உடலியலார் பெரும்பாலும் புரட்டவில்லை என்றே நாம் கருதுகிறோம். முத்திரை எதுவும் இல்லாமலே அதுவும் ஓர் உறையாகிவிட்டது.

ஃபிளெய்ஷல் 1891-லேயே மறைந்தார். கேட்டன் ஆராய்ச்சியை விட்டு வேறு பணிகளில் ஈடுபட்டு, 1907-இல் லிவர்பூலின் மேயராகவும் ஆனார். மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கர், 1929-இல் வெளியிட்ட தம் கட்டுரையில் கேட்டனின் பெயரை மறவாது குறிப்பிட்டார். கேட்டன் இறந்து அப்போது மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.