லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்? புத்தளம் வீதியில் ஒரு லான்சரின் கணக்கு

எங்கள் கரையோரத்தில் பழைய கார் ஒன்றை வாங்க வருபவர் விலையைக் கேட்குமுன் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: லீற்றருக்கு எவ்வளவு ஓடும்? கொச்சிக்கடையில் மகா ஓயாவைக் கடந்து புத்தளம் மாவட்டத்துக்குள் நுழைந்தால் வென்னப்புவ, மாரவில, சிலாபம், முந்தல், பாலாவி என்று கற்பிட்டி முனை வரைக்கும் இதே கேள்விதான். விற்பவர் சொல்லும் விடையை வாங்குபவர் நம்புவதில்லை. நம்பவில்லை என்பது விற்பவருக்கும் தெரியும். ஆயினும் அந்த எண்ணைச் சொல்லாமல் பேரம் தொடங்குவதில்லை.

அந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், இந்த நாட்டில் அதனை இயந்திரம் மாத்திரம் தீர்மானிக்கவில்லை என்பதும் என் எண்ணம். இதை விளக்க எங்கள் ஊர்களில் பலருக்கும் கனவாக இருந்த ஒரு காரையே எடுத்துக்கொள்கிறேன். அதுதான் மிட்சுபிஷி லான்சர். குறிப்பாக, பந்தயக் குருதி ஓடும் அதன் 'எவலூஷன்' வகை.

இந்தப் பாதையில் முதலில் ஓடிய பாரவண்டிக்கு எரிபொருளே தேவைப்படவில்லை. ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் கொழும்பையும் நீர்கொழும்பையும் சிலாபத்தையும் புத்தளத்தையும் நீர்வழியால் இணைத்தது. கழி ஊன்றிச் செலுத்திய தட்டைப் படகுகளில் சரக்குகள் போயின. 1926இல் ரயில் புத்தளத்தை எட்டியது. மோட்டார் கார் வந்தபோது பெற்றோல் விற்றவை ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ ஆகிய அந்நிய நிறுவனங்கள். அந்த நாளில் மொரிஸ் மைனர் வைத்திருந்த ஆசிரியரும் வைத்தியரும் லீற்றர்க் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கலன் கணக்கு.

கணக்கு அரசியலானது 1961இல். அவ்வாண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவாக்கப்பட்டு, அந்நிய நிறுவனங்களின் சொத்துக்கள் படிப்படியாகச் சுவீகரிக்கப்பட்டன. இழப்பீடு குறித்த பிணக்கு முற்றி, 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா இலங்கைக்கான உதவியை இடைநிறுத்தியது. ஒரு சிறு நாட்டின் பெற்றோல் பம்பு அனைத்துலகச் செய்தியான காலம் அது. 1964 தொடக்கம் இறக்குமதியும் விநியோகமும் முற்றிலும் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தன. 1969இல் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. நான்கே ஆண்டுகளில், 1973இல், அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. ஒரு பீப்பாய் ஏறத்தாழ 3 டொலரிலிருந்து 12 டொலர் அளவுக்கு ஏறிற்று. அந்நியச் செலாவணி இல்லாத நாடு கார் இறக்குமதியை ஏற்கெனவே இறுக்கியிருந்தது. ஆகவே எழுபதுகளில் இந்த வீதியில் ஓடியவை ஐம்பதுகளின் கார்கள். அவற்றை உயிரோடு வைத்திருந்தவர்கள் எங்கள் ஊர் மெக்கானிக்குகள். பழைய காபுரேற்றரை ஊதித் துடைத்துத் திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பி, ஒரு கலனுக்கு இரண்டு மைல் கூட்டிக் கொடுத்த அந்தக் கைகளைப் பற்றி எவரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை என்பது எனக்குள்ள மனக்குறை.

எழுபதுகளின் அந்த வறட்சியில்தான் தொலைவில் லான்சரின் புகழ் பிறந்தது. 1973இல் சந்தைக்கு வந்த அக்காரின் 1600 ஜி.எஸ்.ஆர். வகையைச் செலுத்தி, 1974இல் கிழக்கு ஆபிரிக்க சபாரி ஓட்டத்தை வென்றார் கென்யாவின் ஜொகிந்தர் சிங். 1976இல் மீண்டும் வென்றார். அம்முறை முதல் மூன்று இடங்களும் லான்சருக்கே. புழுதியையும் சேற்றையும் கடந்து ஒரு குடும்பக் கார் வென்றது என்பதே அதன் கவர்ச்சி. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் ஜப்பானியக் கார்கள் இலங்கையில் வந்திறங்கின. சதுர வடிவ 'பொக்ஸ் லான்சர்' எண்பதுகளில் எங்கள் வீதிகளில் பழகிய முகமாயிற்று. தொண்ணூறுகளில் அதன் உருண்டை வடிவத் தம்பிகள் வந்தன.

1992இல் பிறந்த எவலூஷன் வேறு சாதி. 2,000 சி.சி. இயந்திரம், டர்போ, நான்கு சில்லுகளுக்கும் விசை. இதே வரிசைக் கார்களில் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ரலி வீரரானார் பின்லாந்தின் டொமி மெக்கினன். எங்கள் நாட்டில் அசல் எவலூஷன்கள் எப்போதும் அரிதாகவே இருந்தன. ஆனால் அதன் பின்பக்கச் சிறகு அரிதல்ல. 1,300 சி.சி. லான்சர்களின் முதுகில் அந்தச் சிறகு ஒட்டப்பட்டதை நானே எண்ணற்ற முறை கண்டிருக்கிறேன். விசையைக் கூட்டாமல் பாரத்தையும் காற்றுத் தடையையும் மாத்திரம் கூட்டும் அலங்காரம் அது.

சரி, அசல் எவலூஷன் லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?

நம்பத்தக்க விடை அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்திடம் உண்டு. 2008ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து அந்த முகவரகம் தன் சோதனையைத் திருத்தி, உயர்வேகம், குளிர்சாதனம், குளிர்காலத் தொடக்கம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. அதன்படி ஐந்து கியர் எவலூஷன் 10க்கு நகரில் கலனுக்கு 17 மைல், நெடுஞ்சாலையில் 23, இரண்டும் கலந்து 19. எங்கள் கணக்கில் லீற்றருக்கு முறையே 7.2, 9.8, 8.1 கிலோமீற்றர். காரணங்கள் மறைவானவை அல்ல. டர்போ இயந்திரம் வெடித்துத் தட்டாமலிருக்க அதன் அழுத்த விகிதம் குறைத்தே வைக்கப்படுகிறது. முழு விசையில், வெப்பத்தைத் தணிப்பதற்காகவே தேவைக்கு மேற்பட்ட பெற்றோல் ஊற்றப்படுகிறது. நான்கு சில்லுகளையும் சுழற்றும் தண்டுகளும் பற்சில்லுகளும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. அகன்ற டயர்கள் மிகுதியை வாங்கிக்கொள்கின்றன. போதாததற்கு அதற்குச் சாதாரணப் பெற்றோல் பொருந்தாது. விலை கூடிய 95 ஒக்டேன் வேண்டும்.

இனி எங்கள் வீதிக்கு வருவோம். கொழும்பிலிருந்து புத்தளம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர், கற்பிட்டி முனை 170. ஏற்றமில்லாத சமதரை, ஆகவே சிக்கனமான வீதி என்று தோன்றும். அப்படியல்ல. நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் நெரிசல். ரயில் பாதையோடு ஒட்டி ஓடும் வீதி என்பதால் ஆங்காங்கே கடவைக் கதவுகள். வெயிலில் இயந்திரத்தை நிறுத்தாமல் குளிர்சாதனத்தோடு காத்திருக்கும் நிமிடங்கள். அந்த நிமிடங்களில் எந்தக் காரும் லீற்றருக்குப் பூச்சியந்தான். 2013 ஒக்டோபரில் திறக்கப்பட்ட 25.8 கிலோமீற்றர் கட்டுநாயக்க அதிவேகப் பாதை நேரத்தை மிச்சப்படுத்திற்று. பெற்றோலை அதே அளவுக்கு மிச்சப்படுத்தியதாகச் சொல்ல முடியாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. 70இல் போகும் கார் 100இல் போனால் அந்த எதிர்ப்பு இரு மடங்கு.

காற்றென்றதும் சோளகத்தைச் சொல்லாமல் விட முடியாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றை நம்பித்தான் மாம்புரியில் காற்றாலைகள் நிற்கின்றன. பட்டத்தில் தொங்கி அலைமேல் சறுக்கும் வெள்ளைக்காரர்களும் கற்பிட்டிக்கு வருகிறார்கள். வடக்கு நோக்கிப் போகும் காரை அது பின்னிருந்து தள்ளும். தெற்கே திரும்பும் காரை மறிக்கும். 70 கிலோமீற்றர் வேகத்தில் போகும் காருக்கு நேர் எதிரே மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று வீசினால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். ஆகவே கொழும்பிலிருந்து புத்தளத்துக்கு அளந்து சொல்லும் எண்ணும், புத்தளத்திலிருந்து கொழும்புக்கு அளந்து சொல்லும் எண்ணும் ஆடி மாதத்தில் ஒன்றாக இரா. இருவரும் உண்மையே சொல்லியிருப்பார்கள்.

ஆனால் உண்மை சொல்லாதவர்களும் இருந்தார்கள். ஜப்பானில் பாவித்து எங்களிடம் வந்த கார்களுக்கு அந்நாட்டின் '10-15' முறையில் அளந்த எண்களே சிபாரிசுக் கடிதம். 1991இல் வந்த அச்சோதனையின் உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். சராசரி 23க்கும் குறைவு. கார் அசையாமல் உருளைமேல் ஓடும் பரீட்சை அது. ஓட்டத் தடை எவ்வளவு என்பதை உற்பத்தியாளரே அளந்து கொடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் 2016 ஏப்ரலில் லான்சரைப் படைத்த நிறுவனமே தலை குனிந்தது. 660 சி.சி. சிறு கார்கள் 625,000இன் எரிபொருள் எண்களைத் திரித்ததாக மிட்சுபிஷி ஒப்புக்கொண்டது. அவற்றில் பெரும்பகுதி நிசான் பெயரில் விற்கப்பட்டவை. முரண்பாட்டைக் கண்டுபிடித்ததும் நிசான்தான். விதிக்கு மாறான அளவீட்டு முறை 1991 முதல் நிறுவனத்தில் வழக்கத்தில் இருந்ததும் பின்னர் வெளிவந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் மிட்சுபிஷியின் 34 வீதப் பங்குகளை நிசான் வாங்கிக்கொண்டது.

ஐரோப்பாவும் இதில் உத்தமர் அல்ல. தூய போக்குவரத்துக்கான சர்வதேசச் சபை ஆண்டுதோறும் செய்த ஒப்பீட்டின்படி, புதிய கார்களின் சோதனைக்கூட எண்ணுக்கும் வீதியில் அவை உண்மையில் குடித்ததற்குமான இடைவெளி 2001இல் ஏறத்தாழ 9 வீதம். 2015இல் 42 வீதம். இயந்திரங்கள் வீதியில் முன்னேறியதைவிட வேகமாகப் பரீட்சையில் தேறக் கற்றுக்கொண்டன. வேடிக்கை என்னவென்றால், வேகக் கார் வாங்குபவரை இப்பொய் அவ்வளவாகப் பாதிக்கவில்லை. அவர் குடிக்கும் என்று தெரிந்தே வாங்குகிறார். சிக்கனத்தை நம்பிக் கடன்பட்டுச் சிறு கார் வாங்கியவர்தான் ஏமாந்தார்.

இந்தத் தசமங்களெல்லாம் எங்களுக்கு உயிர்ப் பிரச்சினையானது 2022இல். வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. கச்சா எண்ணெய் வாங்க டொலர் இன்றி 2021 நவம்பரில் சப்புகஸ்கந்தை மூடப்பட்டது. 2022 தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மேயில் 420, ஜூன் 26இல் 470 என்று ஏறிற்று. 95 ஒக்டேன் 550. வரிசைகளில் நின்ற முதியவர்கள் அங்கேயே உயிர்விட்ட செய்திகளைப் பத்திரிகைகள் வெளியிட்டன. அவ்வாண்டு ஜூலை இறுதியில் கியூ.ஆர். முறை நாடளாவிய ரீதியில் நடைமுறைக்கு வந்தது. வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20.

எந்தக் காராக இருந்தாலும் 20. இலங்கையில் காரின் வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்த்தது, பங்கீடு பார்க்கவில்லை. எட்டுக் கிலோமீற்றர் ஓடும் எவலூஷனுக்கு 20 லீற்றர் என்பது 160 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து புத்தளம் போகலாம், திரும்ப முடியாது. கற்பிட்டி முனையை எட்டவே முடியாது. லீற்றருக்கு 20 ஓடும் ஒரு சிறு கார் அதே பங்கில் 400 கிலோமீற்றர் ஓடி, கற்பிட்டிக்குப் போய்த் திரும்பிய பின்னும் மிச்சம் வைத்திருக்கும். பணக் கணக்கும் அப்படியே. அந்த ஜூன் விலையில் புத்தளம் போய்த் திரும்ப எவலூஷனுக்கு ஏறத்தாழ 18,000 ரூபா; சிறு காருக்கு 6,000 ரூபாவுக்குச் சற்று மேல். முப்பது ஆண்டுகளாகப் பெருமையோடு சொல்லப்பட்ட குதிரைவலு ஒரே மாதத்தில் பாரமாயிற்று.

ஆனால் கரையோரத்தில் கார்க்காரரின் துயரம் இரண்டாம்பட்சம். கற்பிட்டியிலும் கண்டக்குளியிலும் உடப்பிலும் கண்ணாடி நாரிழைப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. முடுக்கினால் ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து லீற்றர் வரை குடிக்கும் அந்த இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் மணலில் கிடந்தன. கிடைக்கத் தொடங்கியபோது, 2022 ஓகஸ்ட் 22இல், விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் பாய்ந்தது. மானியம் நீண்ட காலம் மறைத்து வைத்திருந்த விலை அது என்று பொருளியலாளர் விளக்கினர். விளக்கம் சரியே. ஆனால் காரைக் கொட்டிலில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போகலாம். கடலுக்குப் போக பஸ் இல்லை.

2023 ஏப்ரலில் காரின் வாரப் பங்கு 30 லீற்றரானது. அவ்வாண்டு செப்டெம்பர் 1இல் அப்பங்கீடு நீக்கப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதியும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதிய எவலூஷன் எதுவும் வரப்போவதில்லை. 2015இல் 'ஃபைனல் எடிஷன்' என்று 1,000 கார்களை ஜப்பானில் விற்றதோடு அந்த வரிசையை மிட்சுபிஷி முடித்துக்கொண்டது.

ஒன்றை மட்டும் பத்திரிகைக்காரன் என்ற முறையில் குறித்து வைக்கிறேன். கியூ.ஆர். நடைமுறையில் இருந்த அந்த ஓராண்டுக்கும் மேற்பட்ட காலத்தில், இந்த நாட்டின் ஒவ்வொரு வாகனமும் எத்தனை லீற்றர் வாங்கியது என்பது முதன்முறையாகக் கணினியில் பதிவாயிற்று. பம்படியில் இன்னுமோர் எண்ணையும், காரின் ஓடுமானியில் இருந்த கிலோமீற்றரையும், சேர்த்துத் தட்டியிருந்தால் மேற்சொன்ன கேள்விக்கு உலகில் எந்தச் சோதனைக்கூடத்திடமும் இல்லாத விடை எங்களிடம் இருந்திருக்கும். எவரும் அதைக் கேட்கவில்லை.