திருப்பணியும் பழங்கற்படியும்

கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி என்னும் பழம்பதி உள்ளது. மூவர் முதலிகளாலும் பாடப்பெற்ற அத்தலத்தில் வைத்தியநாதப் பெருமான் எழுந்தருளியிருக்கின்றார். திருப்பணி செய்வோரும் அதற்குப் பொருள் வழங்குவோரும் ஊன்றி நோக்கத்தக்க செய்தியொன்றை அத்திருக்கோயிற் கல்வெட்டு நமக்கு அறிவிக்கின்றது. முதலாம் இராசராச சோழ தேவர் தம் 28-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 1013-ஐ ஒட்டி, அக்கோயிலின் ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுப்பிக்குமாறு ஆணையிட்டார். ஆணை அவ்வளவோடு நின்றிலது. பிரிப்பதற்கு முன்னர், சுவர்களில் வெட்டப்பட்டிருந்த கல்வெட்டுக்கள் ஒரு புத்தகத்திற் படியெடுக்கப்பெற்றன. அடுத்த ஆண்டிலேயே அம்மன்னர் சிவபதம் எய்தினார். அவர் திருமகனார் முதலாம் இராசேந்திர சோழ தேவரின் 14-ஆம் ஆட்சியாண்டில், 1026-ஐ ஒட்டி, அப்புத்தகத்திலிருந்தபடியே பழைய சாசனங்கள் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பெற்றன. இடையிற் கழிந்தவை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். அரசர் மாறினார்; ஏடு காணாமற் போகவில்லை. இக்காலத்தில் ஒரு திருப்பணிக் குழுவின் வரவு செலவுக் கணக்கே பன்னிரண்டு ஆண்டுகள் ஓரிடத்தில் இருக்குமாயின் அது பெரிதென்றே சொல்லல் வேண்டும்.

இவ்வளவு கருத்துடன் காக்கப்பெற்ற சாசனங்கள் எத்தகையன? அரசர்தம் போர் வெற்றிகளைக் கூறும் மெய்க்கீர்த்திகள் சிலவற்றின் தலைப்பில் அமைந்திருப்பது உண்மையே. ஆயினும், பெரும்பாலான கோயிற் சாசனங்களின் உட்பொருள் அடியார்களின் கொடையேயாம். ஒருவர் நந்தா விளக்கு எரிக்க ஆடுகள் விட்டார். சோழ நாட்டில் ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்பது பல ஊர்களிற் காணப்படும் அளவு. அவ்வாடுகள் இறவாமலும் மூப்படையாமலும் எண்ணிக்கை குன்றாது நிற்கவேண்டுமென்பதனால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். மற்றொருவர் திருவமுதுக்கு நிலம் விட்டார். இன்னொருவர் திருமாலைக்கு நந்தவனம் அமைத்தார். அரசமாதேவியார் பெயரும் இடையர் பெயரும் ஒரே சுவரில் அடுத்தடுத்து நிற்கின்றன. சாசனத்தின் முடிவில், இத்தருமத்தைக் காப்பவரின் திருவடி தம் தலைமேல் உள்ளது என்று கொடையாளர் எழுதுவித்த வழக்கத்தையும் காண்கின்றோம். பின்னாளில் வரப்போகும், தாம் முகமறியாத ஒருவரை நோக்கி அவர்கள் செய்துவைத்த வணக்கம் அது. இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் அவ்வணக்கத்தை ஏற்கும் இடத்தில் இன்று நிற்கின்றனர் என்பதை நினைவிற் கொள்க.

இராசராசருக்கும் முன்னரே இந்நெறிக்கு வழிகாட்டியவர் செம்பியன் மாதேவியார். கண்டராதித்த சோழரின் தேவியாரும் உத்தம சோழரின் தாயாருமாகிய அவ்வம்மையார், செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். திருநல்லம் எனப்படும் கோனேரிராசபுரம், ஆடுதுறை, திருமுதுகுன்றம் முதலிய தலங்கள் அவர்தம் திருப்பணியால் விளங்குவன. திருக்கோடிக்காவிற் கோயிலைக் கல்லால் எடுப்பித்தபோது, சிதறிக் கிடந்த கற்களிலிருந்த முற்காலச் சாசனங்களைப் புதிய சுவரிற் படியெடுத்து வெட்டுவித்தார். அவற்றுட் பல்லவர் காலத்தனவும் உள. அவ்வாறு வெட்டியவற்றை, ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று தெளிவாகக் குறித்தும் வைத்தனர். பழையதைப் புதியதென்று காட்டாமலும், புதியதைப் பழையதென்று மயக்காமலும், இது படியென உரைத்த நேர்மையை என்னென்பது! இக்காலத் தொல்லியலார் வற்புறுத்தும் முறையும் இதுவே. அம்முறை கடல் கடந்து வந்ததென எண்ணுவோர் திருக்கோடிக்காவுக்கு ஒருமுறை சென்று வருவாராக.

கல்லெழுத்து அழிந்தால் இழப்பு எத்துணைப் பெரிது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சான்று. அக்கோயிலை எடுப்பித்தவர் இராசராசர் என்பது இன்று பள்ளிச் சிறாரும் அறிந்த செய்தி. ஆனால், 19-ஆம் நூற்றாண்டிற் கற்றவரும் அதனைத் திட்டமாக அறிந்திலர்; கரிகாலன் என்பாரும், தலபுராணக் கதைவழி வேறு சோழன் பெயர் சொல்வாரும் இருந்தனர். 1886-இற் சென்னை அரசின் கல்வெட்டறிஞராகப் பொறுப்பேற்ற ஹுல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அக்கோயிற் சாசனங்களைப் படித்து வெளியிட்ட பின்னரே ஐயம் நீங்கிற்று. அதற்குமுன் யாரேனும் நல்லெண்ணத்துடன் அச்சுவர்களைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தால், உலகம் போற்றும் அக்கோயிலைச் செய்தவர் பெயரே நமக்குக் கிட்டியிராது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் கருவறையைச் சூழ்ந்த திருச்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களின் அடியிற் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதைக் கண்டு வெளிப்படுத்தினார். மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியிலிருந்தது தோன்றிற்று. பிற்காலத்திற் தொல்லியல் துறையினர் மேலிருந்த நாயக்கர் ஓவியங்களையும் அழியவிடாது பெயர்த்தெடுத்து வேறு பலகைகளில் ஒட்டிக் காத்தனர். ஒரு காலத்தைக் காக்க மற்றொரு காலத்தை அழிப்பது முறையன்று என்பது அவர்கள் கொண்ட கொள்கை.

எல்லா இடத்தும் இவ்வாறு நிகழவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துத் திருமதிற் கற்கள் 1836-இற் கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்டன. அது அந்நியர் ஆட்சியிற் செய்யப்பட்டதென்று நாம் வருந்தலாம். ஆனால் நம் காலத்தில், அன்பின் மிகுதியால் நாமே செய்யும் அழிவுக்கு யாரை நோவது?

கோயிலைத் தூய்மை செய்யவேண்டுமென்னும் ஆர்வத்தால், மணலைக் காற்றின் விசையுடன் சுவர்மீது வீசும் முறை பல ஊர்களிற் கையாளப்பட்டது. எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் ஒரே நாளில் நீங்கிக் கல் பளிச்சிடும், உடனிருப்போர் மகிழ்வர். ஆயின், நீங்குவது அழுக்கு மட்டுமன்று. கல்லின் மேற்றோலும் உடன் போகின்றது. எழுத்தின் விளிம்பு மழுங்குகின்றது. சிற்பத்தின் முகம் தேய்கின்றது. சொரசொரப்பான கல் முன்னினும் விரைவில் அழுக்கைப் பற்றுகின்றது. நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு பொறுமையாகச் செய்தால் நாள் கூடும், கல் பிழைக்கும். இவ்வாறே திருச்சுற்றிற் புதுக்கல் பாவும்போது தரைமட்டம் உயர்ந்து, அதிட்டானத்தின் பட்டிகையும் குமுதமும் அவற்றின்மேலுள்ள சாசனங்களும் மண்ணுள் மறைகின்றன. மழைநீர் வெளியே ஓடுவதற்கு மாறாகக் கோயிலை நோக்கித் திரும்புகின்றது. கருவறைச் சுவரிற் பீங்கான் ஓடு பதிப்பதைப் பற்றி இங்கு விரித்துரைக்க மனம் இல்லை.

சுண்ணாம்பைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். நம் கோபுரங்கள் கல்லாலாகிய அடித்தளத்தின்மீது செங்கல்லும் சுதையும் கொண்டு எழுந்தவை. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துப் பதப்படுத்தி அரைத்த சுண்ணச்சாந்து, செங்கல் வெப்பத்தில் விரிந்து குளிரிற் சுருங்குகையில் அதனோடு சற்றே இசைந்து கொடுக்கும். உட்புகுந்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்டுக் காரையோ இறுகி நின்று ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்தும். சில ஆண்டுகளில் உப்பு பூத்துப் பழஞ்செங்கல் பொடியாகின்றது. பழைய தளவரிசையின்மீது மேன்மேலும் கான்கிரீட்டு இடுவதனால் உத்தரங்கள் தாங்கவேண்டிய சுமையும் பெருகுகின்றது. மயமதம் என்னும் சிற்பநூல் பழுதுற்ற கோயிலைச் சீர்செய்வதற்கென்றே ஓர் இயல் வகுத்து, வடிவம் சிதையாது நிற்கும் கோயிலை அதற்குரிய பொருள்களாலேயே புதுக்குமாறு கூறுகின்றது. ஜீர்ணோத்தாரணம் என்பது சீர்ணமானதை உயர்த்தி நிறுத்துதலேயன்றி, நன்றாக உள்ளதை இடித்தல் அன்று.

இதனால், ஒன்றுமே செய்யாது வாளா இருத்தலே பாதுகாப்பு என்று கருதிவிடலாகாது. கிருஷ்ணதேவராயர் 1516-இல் எடுப்பித்த திருக்காளத்தி இராசகோபுரம் 2010 மே மாதம் 26-ஆம் நாள் இரவிற் சரிந்து வீழ்ந்தது. விரிசல் முன்னரே கண்ணுக்குப் புலனானதுதான். புதிய கோபுரம் எழுந்து 2017-இற் குடமுழுக்கும் நிகழ்ந்தது. ஆயினும் இராயர் எடுப்பித்த கோபுரம் மீளவில்லை. கோபுரத்தின் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை ஆண்டுதோறும் களைவதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அது வேரூன்றிய பின் ஆகும் செலவோ கணக்கிலடங்காது. அன்பர் பலர் விமானக் கலசத்துக்கு உபயம் செய்ய முந்துகின்றனர். நீர்த்தாரை அடைப்பெடுக்க உபயம் செய்வார் அரியர்.

எனவே, பாலாலயம் செய்வதற்கு முன்னரே திட்டம் வகுத்தல் இன்றியமையாதது. கோயிலின் அளவுகளைக் குறித்துப் படம் வரைதல், ஒவ்வொரு சுவரையும் புகைப்படம் எடுத்தல், கல்வெட்டுக்களை மையொற்றிப் படியெடுத்தல், விரிசல்களையும் நீர்க்கசிவையும் குறித்தல் ஆகியன முதற்கண் நடைபெறவேண்டும். பிரிக்கவேண்டிய பகுதி இருப்பின், பெயர்க்கும் ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு, அதே கல்லை அதே இடத்தில் வைக்கவேண்டும். ஸ்தபதியார், பொறியியலார், கல்வெட்டறிஞர் மூவரும் ஒருங்கிருந்து முடிவு செய்தபின்னரே உளி எடுக்கப்படவேண்டும். 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் தொல்லியல் துறைகளின் பட்டியலிலுள்ள கோயில்களைக் காக்கின்றன. அறநிலையத் துறையின்பாற்பட்ட 36,000-க்கு மேற்பட்ட திருக்கோயில்களுட் பெரும்பாலானவை அப்பட்டியல்களில் இல்லாதவை. சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7-ஆம் நாள் அளித்த தீர்ப்பில், பழங்கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பது குறித்து 75 கட்டளைகளை வழங்கியது. ஆயினும் ஒரு சிற்றூர்க் கோயிலின் வாயிலில் மணல்வீச்சுப் பொறி வந்து நிற்கும் காலையில் அங்கிருப்பவர் நீதிபதியல்லர், ஊராரும் உபயகாரருமே. உபயகாரர் ஒருவர், “படியெடுத்தாயிற்றா?” என்று வினவினால் வேலை ஒரு நாள் நிற்கும், ஆயிரம் ஆண்டுச் செய்தி பிழைக்கும்.

திருவரங்கம் பெரிய கோயிலில் 2015-ஆம் ஆண்டுச் சம்ப்ரோக்ஷணத்தை ஒட்டி நிகழ்ந்த திருப்பணி இவ்வகையிற் கருதத்தக்கது. பிற்காலத்தில் இடையிடையே எழுந்த பொருந்தாக் கட்டுமானங்கள் அகற்றப்பட்டன. சிதைந்த கற்கள் மரபுமுறையிற் சீர்செய்யப்பெற்றன. பழைய நீர்வடிகால் மீண்டும் திறக்கப்பெற்று மழைநீர் தேங்காது செல்ல வழி செய்யப்பட்டது. 2017-இல் யுனெஸ்கோ நிறுவனம் ஆசிய பசிபிக் பகுதிக்குரிய பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருதுகளுள் ஒன்றை அத்திருப்பணிக்கு வழங்கியது. அத்திருப்பணிக்கும் ஊரார் பலர் பொருளுதவி புரிந்தனர். அவ்வுதவியின் ஒரு பகுதி, எவர் கண்ணுக்கும் படாத நிலத்தடி வடிகாலுக்குச் சென்றது.